குகதாசனின் பதிவுத் தபால்

கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கக்கூடாது, பேப்பரில் சுற்றவேண்டும். சுவிஸில், இந்த லுசேர்ண் நகரில் இதை எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான். எண்பத்து நாலில் இங்கே முதல் தமிழ்க் கடை போட்டவனும் நான்தான். தில்லைநாதன் என்றால் தெரியாத ஆளில்லை.

எங்கள் ஆக்களில் டொச், அதாவது ஜெர்மன், வாசிக்கத் தெரிந்தவனும் நான் ஒருவன்தான். தபால்காரர் வரும் நேரம் பொடியள் ஹோட்டல் குசினிகளில் நிற்பார்கள். ஆகவே என் கடை விலாசத்தைக் கொடுத்து, பதிவுத் தபாலுக்கு நான் கையெழுத்து வைக்கலாம் என்றும் எழுதித் தந்திருந்தார்கள். நான் கேட்டு வாங்கவில்லை.

ஊரில் அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசாகக் கிடைத்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வியாபாரி ஒருவரின் சரித்திரம். மாவும் ஆணியும் விற்றவர் கடைசியில் ஆளுநர் ஆனார். நானும் அந்த வழியில்தான் தமிழ்ச் சங்கத் தலைவர் ஆனேன். நாற்பத்திரண்டு அங்கத்தவர்கள். அமெரிக்காவோடு பார்த்தால் கொஞ்சம் குறைவுதான்.

எண்பத்தாறு ஆவணியில் குகதாசன் கடைக்கு வந்தார். ஹோட்டலில் கோப்பை கழுவுகிறவர்.

"அண்ணை, இந்த முறை தலைவருக்கு நானும் நிக்கிறன். கோவிக்காதேங்கோ."

"நான் ஏன் கோவிக்கிறன்? நில்லும் தம்பி."

"பொடியள் சொல்லுறாங்கள், நீங்கள் வீட்டிலயே பொன்னாடையைப் போட்டுக்கொண்டுதான் கூட்டத்துக்கு வாறியளாம்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த கிழமை தலைநகர் பேர்ணிலிருந்து அவருக்குப் பதிவுத் தபால் வந்தது. விசாரிக்க வந்த நீங்கள் இப்போது காட்டுகிற தபால் பற்றுச்சீட்டில் இருப்பது என் கையெழுத்துத்தான். அகதி விண்ணப்பம் நிராகரிப்பு. முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். மற்றவர்களுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் எல்லாரும் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.

இதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

சனிக்கிழமைதோறும் கேட்பார்: "அண்ணை, எனக்கு ஏதும் வந்ததோ?"

"வந்தா நான் தராமல் விடுவனோ?"

நாலு சனிக்கிழமை. முப்பத்தோராம் நாள் நானே அவருடைய அறைக்குக் கொண்டுபோனேன், ஒரு பை அரிசியோடு. முப்பது நாள் என்ற வரியை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் ஒழுங்காக வாசித்துக் காட்டினேன். அழுதார். முதுகைத் தடவிவிட்டேன்.

கார்த்திகையில் பொலிஸ் அவரை விமானம் ஏற்றியது. கொழும்பில் இறங்கியதைக் கண்டவர்கள் உண்டு. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததைக் கண்டவர் இல்லை. மனைவி ஞானேஸ்வரி அவரைத் தேடி எனக்கு எழுதுகிறார். ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போடுகிறேன். அதில் நான் பிந்துவதில்லை.

தேர்தல் போட்டியின்றி முடிந்தது. கடிதத்தை மறைத்தேன், அதன் விளைவு என்னவென்று தெரிந்தேதான் மறைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் மறக்காமல் எழுதுங்கள்: குகதாசன் நின்றிருந்தாலும் நான்தான் வென்றிருப்பேன்.