எட்டாவது இடத்து விளக்கு

மயிலாப்பூரில் ரயில் கிளம்பியதும் எனக்கு எதிரே ஒயர் சுருளோடு ஒருவரும், லேப்டாப் பையோடு ஓர் இளைஞரும் வந்து உட்கார்ந்தார்கள்.

“எட்டாவது எடத்துல யாரோ சாப்ட்டுகினு கீறாங்க சார்,” என்றார் ஒயர்க்காரர்.

நான் செய்தித்தாளைப் படிப்பதுபோல உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். ஒரு துணிக்கடையில் ஊழியர்கள் சாப்பிடும் கூடத்துக்கு இவர்கள் விளக்கு போட்டிருக்கிறார்கள். பெஞ்சில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விளக்கு; ஆள் உட்கார்ந்தால் தலைக்கு மேல் எரியும், எழுந்தால் அணையும்.

“சென்சார் கோளாறுண்ணே.”

“மூணு தபா மாத்திட்டேன். மத்தியானம் ஒன்றரை ஆனா ஆளே இல்லாம டான்னு எரியுது. பத்து நிமிஷத்துல அணையுது.”

“அங்க யார் உட்காருவாங்க?”

“இப்ப யாரும் உக்கார மாட்டேன்றாங்க. பட்டுப்புடவை செக்ஷன் அக்கா ஒருத்தவங்க எடமாம் அது. ஆடித் தள்ளுபடி கூட்டத்துல, கூப்ட்டாங்கன்னு பாதி சோத்துல எழுந்து ஓடிருக்காங்க. மாடிப்படியிலயே உயிரு போச்சாம்.”

இளைஞர் பையை இறுக்கிக்கொண்டார். “நாளைக்கு கடை முதலாளி பார்க்க வர்றாரு. அவர்கிட்ட இதையா சொல்றது? நீங்க உட்கார்ந்து பார்த்தீங்களா?”

“இன்னிக்கு பாத்தேன். பெஞ்சுல வேற ஆளே இல்ல. எட்டாவது எரியசொல்லோ நேரா போய் அதும்மேலயே குந்திட்டேன்.”

“அப்புறம்?”

“எட்டாவதோட ஒம்பதாவதும் சேந்து எரிஞ்சிச்சு சார்.” அவர் குரல் தணிந்தது. “தள்ளி உக்காந்து எனக்கு எடம் வுட்டாங்க.”