பி-4 என்று எழுதிய படம்

இந்த அறையில் ஜன்னலுக்குக் கீழே ஈரம் இறங்கியிருக்கிறது. மேலே வெள்ளையடித்து மறைத்திருக்கிறீர்கள், ஆனால் ஆறு மாதத்தில் திரும்ப வரும். மாடியில் குளியலறைக் குழாய் எங்கோ கசிகிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு, சுவரை ஒரு மாதம் காயவிட்டு, அப்புறம் பூசச் சொல்லுங்கள். கேட்காமல் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். பழக்கம்.

நின்றுகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடுகிறது, பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

வீட்டு உரிமையாளர் சங்கத்தில் ஆலோசனை மேசை என்னுடையது. வீடு கட்டப் போகிறவர்களும் இடித்து மாற்றப் போகிறவர்களும் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார்கள். எதற்கு அனுமதி வேண்டும், ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும், பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்போது கடிதம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன். பக்கத்து வீட்டு ஏசி தன் செருப்பின் மேலேயே சொட்டுகிறது என்று ஒருவர் ஈரச் செருப்போடு வந்து நின்றார். அவருக்கும் ஒரு பாரா எழுதிக் கொடுத்தேன். நான் எழுதிய சிறு புத்தகத்தில் நாற்பது குறிப்புகள் இருக்கின்றன. பன்னிரண்டாவது குறிப்பு இது: கான்கிரீட் போடும் முன் ஒவ்வொரு பீமின் கம்பிகளையும் படம் எடுங்கள், வரைபடத்தில் உள்ள எண்ணைப் படத்தின் கீழே எழுதிக் கோப்பில் வையுங்கள். கான்கிரீட் விழுந்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு ரூல்ஸ் என்று பெயர் வைத்தது அண்ணன். தும்முவதற்கும் அனுமதி வாங்குகிற ஆள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். கேலிதான். ஆனால் வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் என்னைக் கேட்காமல் அடிக்க மாட்டார். அது எனக்குப் பிடிக்கும்.

அண்ணனின் வீட்டைக் கட்டியவன் நான். அப்போது அவருக்கு வெளியூரில் வேலை. அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து சாவி கொடுத்ததுவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். பதினான்கு வருடம் ஆகிறது. கீழே ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. மேலே இரண்டு அறைகள், அவற்றுக்கு நடுவில் ஒரு செங்கல் சுவர், அதற்கும் மேலே மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி. அந்த மேல் சுவரின் பாரத்தை வாங்கிக்கொள்ள, கீழே ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு பீம். அதன் எண் பி-4. பீமுக்கு அடியில் இருக்கும் சுவர் வெறும் மறைப்பு, எடுத்தாலும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது.

முதல் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று பி-4க்கு வளைத்து வைத்திருந்த கம்பிகள் ஒரு அடி குட்டையாக இருந்தன. கம்பி வளைத்தவன் படுக்கையறை அளவை எடுத்துவிட்டான். கலவை இயந்திரம் ஓட ஆரம்பித்துவிட்டது. இருபது ஆட்கள் சட்டியோடு வரிசையில் நிற்கிறார்கள். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. மேஸ்திரி நாளைக்குத் தள்ளிவைக்கலாம் என்றார். நான் அடியில் இருந்த சுவரைக் காட்டினேன். மறைப்புச் சுவர் என்றாலும் அவர் அதை ஒன்பது இஞ்சுக்கு எழுப்பியிருந்தார், நல்ல செங்கல். பீம் இல்லாவிட்டாலும் இது தாங்கிக்கொள்ளும் என்றேன்.

"சுவர் இருக்கற வரைக்கும் தாங்கும் தம்பி," என்றார் மேஸ்திரி.

சுவர் எங்கே போய்விடப் போகிறது என்று கேட்டேன். பி-4 இல்லாமலே கான்கிரீட் போட்டோம். மழை வரவில்லை.

சுவருக்கும் தளத்துக்கும் நடுவே பூச்சுப் பூசிவிட்டால் எது எங்கே முடிகிறது என்று வெளியே தெரியாது. தெரிய வேண்டியது கோப்பில்தான். அண்ணனுக்காக நான் அழகாகக் கோப்பு செய்துவந்தேன், ஒவ்வொரு பீமுக்கும் ஒரு பக்கம். பி-4க்கு வைத்த பக்கம் காலியாக இருந்தது. முன்பக்கத்துப் பி-2, அதே அளவு, அதே கம்பி. அதை இரண்டு கோணத்தில் படம் எடுத்திருந்தேன். இரண்டாவதை ஒட்டி அடியில் பி-4 என்று எழுதினேன். அன்று அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஒரு பக்கம் காலியாக இருந்தது, நிரப்பினேன்.

அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் சங்கத்தில் எனக்கு மேசை கொடுத்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு மாதிரி என்று இன்றும் காட்டுவது அதன் நகலைத்தான்.

மேஸ்திரி நான்கு வருடம் முன்பு இறந்துவிட்டார். துக்கம் விசாரித்துவிட்டு வீடு திரும்பும்போது என் நடை கொஞ்சம் லேசாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருடக் கடைசியில் அண்ணி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவைக்குப் பிறகு வாக்கர் இல்லாமல் நடக்க முடியவில்லை. சமையலறை வாசலில் வாக்கர் நுழையாது. அதை மடக்கி முன்னால் தள்ளிவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் உள்ளே போவார். அண்ணனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சுவரையே எடுத்துவிட்டு ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்.

நான் முயற்சி செய்தேன். வாசலை மட்டும் அகலப்படுத்தினால் போதும் என்றேன்.

"அரைகுறையா செஞ்சா ரெண்டு தடவ இடிக்கணும்னு நீதானடா புத்தகத்துல எழுதியிருக்க," என்றார் அண்ணன்.

"தம்பி எழுதினத தம்பி மட்டும் படிக்கறதில்ல போல," என்றார் அண்ணி.

நானும் சேர்ந்து சிரித்தேன்.

உள்சுவரை எடுக்கும் முன் ஓர் இன்ஜினியரின் கையெழுத்து வாங்க வேண்டும். அதுவும் புத்தகத்தில் உண்டு. அண்ணன் ஒருவரை வரவழைத்தார். படிப்பு முடித்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கோப்பைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். எழுந்துபோய் சுவரை விரல் முட்டியால் தட்டினாள், டேப்பை வைத்து அளந்தாள்.

"மறைப்புச் சுவருக்கு ஒம்பது இஞ்சு எதுக்கு சார்?"

"எங்க அண்ணி பாத்திரம் உருட்டற சத்தம் ஹாலுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான்," என்றேன். அண்ணனும் அண்ணியும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மேலே ஒரு அடிக்குப் பூச்சைக் கொத்திப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள்.

அது சரியான பேச்சு. என் மேசைக்கு வந்து யார் கேட்டிருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஓர் உளி, ஒரு சுத்தியல், பத்து நிமிடம். பத்தாவது நிமிடத்தில் பி-4 என்று ஒன்று இல்லவே இல்லை என்பது அந்த ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"தாராளமா கொத்துங்கம்மா," என்றேன். "படம் எடுத்த ஆள் உங்க எதிர்லயே நிக்கறேன். நம்பிக்கை இல்லன்னா கொத்தித்தான் பாக்கணும்."

குரலை உயர்த்தவில்லை. அண்ணனுக்குத்தான் முகம் மாறிவிட்டது. ஊரே மாதிரியாக வைத்துப் பார்க்கிற கோப்பு இது, உங்களுக்கு மட்டும் போதாதா என்று அவளிடம் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கோப்பை மறுபடி புரட்டினாள். மறுநாள் சங்கத்துக்குப் போன் செய்து அதையே இன்னும் பணிவாகக் கேட்டாள். நானும் அதே பதிலைப் பணிவாகச் சொன்னேன். மூன்றாம் நாள் கையெழுத்து வந்தது.

அதற்கும் இடிப்புக்கும் நடுவில் பதினொரு நாள். அந்த நாட்களில் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். நடந்தேன். வந்தவர்களுக்கு மேசையைச் சுற்றி நடந்தபடியே பதில் சொன்னேன். சங்கச் செயலாளர், மூலம் வந்தவன் மாதிரி இருக்கிறாய், உட்காரவே மாட்டேன் என்கிறாயே என்றார். மாலையில் அண்ணன் தெருவரை போவேன். கேட்டில் கையை வைப்பேன், திரும்பிவிடுவேன். தெரு முனைவரை வந்துவிட்டு மறுபடி போவேன். ஒரு மாலை உள்ளேயும் போனேன். அண்ணி வாக்கரோடு வந்து, சுவர் போனதும் அடுப்பை எங்கே வைக்கலாம் என்று கேட்டார். ஜன்னல் பக்கம் வையுங்கள், புகை வெளியே போகும் என்றேன்.

சுவரை எடுக்க வேண்டாம் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அண்ணன் கோபப்பட மாட்டார். போகட்டும் விடு என்பார், தோளில் தட்டுவார். அதற்கு அடுத்த வாரம் ஓர் ஆணி அடிக்க வேண்டி வந்தால் அவரே அடித்துக்கொள்வார். இதை யோசித்தபடிதான் தெருவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன்.

பீம் இல்லாமலே தளம் எப்படியாவது நின்றுவிடும் என்று நம்பினாயா என்று இரண்டு முறை கேட்டீர்கள். இல்லை. மேல் சுவரின் எடையையும் நிரம்பிய தொட்டியின் எடையையும் போட்டுப் பார்த்தேன். நிற்காது. அண்ணிக்கு மருத்துவமனையில் பரிசோதனை இருந்த நாளாகப் பார்த்து இடிப்பை வைக்கச் சொன்னதும் அதனால்தான். தூசி அவருக்கு ஆகாது என்று காரணம் சொன்னேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணனும் அவரோடு மருத்துவமனைக்குக் கிளம்பத்தான் இருந்தார். இடிக்கும்போது வீட்டுக்காரர் நேரில் இருக்க வேண்டும் என்று முப்பத்தொன்றாவது குறிப்பில் இருப்பதைப் படித்துவிட்டு, அண்ணியை அவருடைய தங்கையோடு அனுப்பிவைத்தார். அவரை இருக்கச் சொன்னது புத்தகம். எல்லோருக்கும் சொன்னதைத்தான் அவருக்கும் சொல்லியிருக்கிறது.

காலை பத்தரை மணிக்குப் போன் வந்தது. என் எதிரில் ஒருவர் கழிவுநீர்க் குழாயின் சரிவு பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"டேய், மேல் வரிசையில பாதிய எடுத்துட்டாங்க," என்றார் அண்ணன். "பீமைக் காணோம்ங்கறான் இவன்."

பயந்த குரல் இல்லை. கடையில் ஒரு சாமான் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்கிற குரல். நிறுத்தச் சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். எடுத்த இடத்தில் முட்டுக் கொடுத்துவிட்டால் சாயங்காலம் சாவகாசமாக என்னைத் திட்டலாம். இதெல்லாம் அந்த நிமிடமே எனக்குத் தெரியும்.

"பீம் தளத்துக்குள்ளயே போகும்ணே, கண்ணுக்குத் தெரியாது," என்றேன். "எடுக்கச் சொல்லுங்க."

"அப்ப சரி. நான் பக்கத்துல நிக்கணுமா, வாசல்ல நின்னா போதுமா?"

"பக்கத்துலயே நில்லுங்க. இல்லன்னா கண்டபடி உடைப்பாங்க. ஹெல்மெட் போட்டுக்குங்க."

"சரிடா ரூல்ஸ்," என்றார்.

குழாய்க்காரருக்குச் சரிவைக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அவர் கிளம்பிப் போனதும் மேசையைச் சுற்றினேன். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. மேல் சுவர் தொட்டியோடு இறங்கியபோது மணி பத்து ஐம்பது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அண்ணனும், உடைக்க வந்த இருவரில் ஒருவரும் இறந்துவிட்டார்கள். அந்த ஆளின் பெயரைப் பேப்பரில் படித்தேன், இப்போது நினைவில் இல்லை.

அந்த இன்ஜினியர் பெண்ணை நீங்கள் விட்டுவிடலாம். கோப்பை நம்பியது அவள் தவறு, அதில் மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் இத்தனை பெரிய வழக்குக்கு அது போதாது. படத்தை மாற்றியவர் மேஸ்திரி என்று எழுதியிருப்பதையும் அடித்துவிடுங்கள். அவருக்குப் படமெடுக்கவே தெரியாது. படத்தை மாற்றி ஒட்டியது நான். பி-4 இல்லை என்று தெரிந்தே சுவரை எடுக்கச் சொன்னேன். எடுத்தால் மேலே இருப்பது இறங்கும் என்று தெரியும். அண்ணன் அதற்கு அடியில் நிற்பார் என்றும் தெரியும், அங்கே நிற்கச் சொன்னதே நான்தான். இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அண்ணனுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் காட்டிய படத்தில் பார்த்தேன். ஹெல்மெட் போட்டிருக்கிறார், வாரைத் தாடைக்குக் கீழே சரியாக மாட்டியிருக்கிறார். அவர்மேல் அக்கறை இல்லாதவனாக இருந்தால், அந்த அவசரத்திலும் அதை ஞாபகமாகச் சொல்லியிருப்பேனா?