புதுச் செயினின் சத்தம்

வேலை முடிந்தபிறகு கை கழுவாத மெக்கானிக் கிடையாது. நான் வேலை தொடங்குவதற்கு முன்பே கழுவிக்கொள்கிறவன். என்னோடு தொழில் கற்றவர்கள் இதற்காக என்னை ‘டாக்டர்’ என்று கிண்டல் செய்வார்கள். கிண்டலாக வைத்த பெயர் போகப்போக நிலைத்துவிட்டது. இப்போது கடைக்கு வருகிறவர்களும் டாக்டர் இருக்கிறாரா என்றுதான் கேட்கிறார்கள். என்ஜினின் முன்மூடியைக் கழற்றிவிட்டால் உள்ளே ஒரு மணல் துகள்கூடப் போகக் கூடாது. அதற்காகத்தான் கழுவுகிறேன்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி, மேடம். அது மூடிவிட்ட கேஸ், இப்போது வந்து என்ன சொல்லப் போகிறீர்கள் என்று வாசலில் இருந்த காவலர் கேட்டார். இருக்கட்டும். மலைச்சாலையில் நடந்த அந்த விபத்தில் இறந்துபோனவர் என் மருமகன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் மகள். காரைக் கடைசியாகப் பிரித்து மாட்டியவன் நான். இந்த மூன்றும் உங்கள் கோப்பிலேயே இருக்கும். இல்லாததைச் சொல்லத்தான் வந்தேன்.

என் வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷமே அவளுடைய அம்மா போய்விட்டாள். இறந்துவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகப்போகிறேன் என்று பலமுறை சொல்லியிருந்தாள். சும்மா சொல்கிறாள் என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு நான் கடையில் யாருடைய வண்டிக்கோ கிளட்ச் மாற்றிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தபோது பாப்பா அடுப்படியில் தனியாக உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் போகிறேன் என்று சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பாப்பாவை நான்தான் வளர்த்தேன். அவள் ரிப்பன்களில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ் வாசனை இருக்கும். படித்தாள். வீடுகளுக்கு வரைபடம் போடும் வேலையில் சேர்ந்தாள். ஒருதடவை வேறு ஊரில் பெரிய நிறுவனம் ஒன்று அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அன்று காலையில் எங்கள் வண்டி கிளம்பவே இல்லை. நானும் வியர்க்க வியர்க்க என்னென்னவோ செய்து பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் வீட்டு வண்டிக்கே காய்ச்சலா என்று சிரித்தாள். அன்று மதியம் இரண்டு பேரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டோம். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஒரு ஃப்யூஸ்தான் விஷயம், விரல்நுனி அளவு. என் சட்டைப் பையில் இருந்தது. அதனால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

மருமகன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர். நல்ல மனுஷன், இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆனதும் அடுத்த தெருவிலேயே வீடு பார்த்தார்கள். அப்பா பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சொன்னது பாப்பா இல்லை, அவர்தான். என் கண் மங்குவதை முதலில் கவனித்ததும் அவர்தான். நான் ஸ்பானர் மேல் இருக்கும் எண்ணைத் தூரத்தில் நீட்டிப் பிடித்துப் பார்ப்பதைக் கண்டு, என்னைத் தன் கடைக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதித்து, நான் குனிந்தாலும் நழுவாத மாதிரி ஒரு கண்ணாடி செய்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்ட அன்றைக்குத்தான், எத்தனை வருஷமாக அரைகுறையாகப் பார்த்து வேலை செய்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

அவருடைய முதலாளி கடலோரத்தில் உள்ள ஒரு பெரிய ஊரில் புதுக் கடை திறந்தார். அதைப் பார்த்துக்கொள்ள இவரைக் கேட்டார். பாப்பாவுக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. என்னிடம் சொல்ல இரண்டு பேருமாக வந்தார்கள். பாப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்தான் பேசினார்.

“மாமா, நீங்களும் எங்களோட வந்துடுங்க. அங்கயும் வண்டி ஓடத்தானே செய்யுது.”

கடையை அம்போவென்று விட்டுவிட்டு எப்படி வருவது என்றேன். அது நியாயமான பதில்தான். அந்தக் கடையில் அப்போது பெரிதாக வேலை ஒன்றும் வந்துகொண்டிருக்கவில்லை என்பது வேறு விஷயம். அவர்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டு இருக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இங்கே இருந்தால் போதும் என்று நினைத்தேன். ஓர் அப்பா ஆசைப்படக் கூடாத ஆசையா அது?

அவருடைய கார் பழையது. காலையில் கிளப்பியதும் முன்பக்கத்திலிருந்து கலகலவென்று ஒரு சத்தம் கேட்கும். உள்ளே இருக்கும் டைமிங் செயின்கள் தேய்ந்து நீண்டுவிட்டன என்று அர்த்தம். இந்த நிலையில் மலை தாண்டிப் போகக் கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று நானேதான் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அவர் லீவு போட்டுவிட்டு என் கூடவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டார்ச் பிடித்தார். முன்மூடியைக் கழற்றி, பழைய செயின்களை எடுத்துத் தட்டில் வைத்தேன். புதுச் செயினில் இரண்டொரு கண்ணிகளுக்கு மட்டும் வேறு நிறம் பூசியிருக்கும். அது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கீழே பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டு ஒன்று, மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகள் சில. இரண்டையும் சேர்த்து ஒரே தாளத்தில் சுற்ற வைப்பது இந்தச் செயின். பல்சக்கரத்தில் ஒரு புள்ளி இருக்கும். நிறமுள்ள கண்ணி அந்தப் புள்ளியின்மேல் சரியாக உட்கார வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி திக்கும். பல பல் தாண்டிவிட்டால் பிஸ்டன் மேலே வரும்போது வால்வு இன்னும் திறந்தே இருக்கும். இரண்டும் மோதும். ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் செத்துவிடும்.

“குடும்பம் மாதிரிதான் மாமா,” என்றார். “ஒருத்தர் வர்ற நேரத்துக்கு இன்னொருத்தர் வழி விடணும்.”

நான் சிரித்தேன். அவர் செய்து கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் புள்ளிகளைச் சேர்த்தேன். ஒவ்வொன்றும் அச்சாக உட்கார்ந்தது. கையாலேயே என்ஜினை மெதுவாகச் சுற்றி, மறுபடி பார்த்து, மறுபடி சுற்றினேன். அவ்வளவு சுத்தமாக அந்த வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை.

சாமான்களைக் கட்ட அட்டைப்பெட்டி வாங்க வேண்டும் என்று அவர் எழுந்து போனார். மாட்ட வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. செயின் அலையாமல் ஓடுவதற்குப் பக்கவாட்டில் வளைந்த பட்டை ஒன்று வரும். கைடு என்போம். பழையதில், போல்ட் பிடிக்கும் இடத்தில் நீளமாக ஒரு விரிசல் இருந்தது. புதியது பாக்கெட்டில் இருந்தது. நான் பழையதைத் துடைத்து, அதையே மாட்டினேன். புதியதை மேசை டிராயரில் வைத்தேன். இதோ உங்கள் முன்னால் வைத்திருக்கிறேனே, அதுதான். பாக்கெட் இன்னும் பிரிக்கவே இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரையும் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அந்தப் பட்டை உடையும், செயின் தளர்ந்து பல் தாண்டும், வண்டி நின்றுவிடும் என்று நினைத்தேன். அங்கே சாலை அகலம்; ஓரமாக ஒதுங்க இடம் உண்டு. கட்டி இழுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். வால்வெல்லாம் வளைந்திருக்கும். பழைய மாடல், பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்று சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்திவிடலாம். கடலோர ஊர் வேலை யாருக்காகக் காத்திருக்கும்? இவ்வளவுதான் என் எண்ணம்.

கிளம்பும்போது பாப்பா என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வண்டி எவ்வளவு அமைதியாக ஓடுகிறது என்று வியந்தார். தெருமுனை திரும்பும்வரை நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். உண்மையிலேயே சத்தமே இல்லை.

கடையில் போய் உட்கார்ந்தேன். எந்த வேலையும் தொடங்கவில்லை. கட்டி இழுக்கும் கயிற்றை எடுத்து வெளியே வைத்தேன். காலை போனது, மதியமும் போனது. போன் வரவில்லை. அந்த விரிசல் நான் நினைத்ததைவிடக் கெட்டி. வெயில் தாழ்ந்தபிறகுதான் பாப்பா கூப்பிட்டாள். மலை அடிவாரத்தில் நிற்கிறோம் என்றாள்.

“அப்பா, முன்னாடி ஏதோ கடகடன்னு சத்தம் வருது. கீழ ஒரு மெக்கானிக் கடை இருக்கு. திறந்து பார்த்துடச் சொல்லலாம்னு அவர் சொல்றார். நீங்க சொல்லுங்க, என்ன செய்யட்டும்?”

இந்த இடத்தை நான் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன். எனக்கு முதலில் தோன்றியது மலை இல்லை. அந்த மெக்கானிக்தான் தோன்றினான். முகம் தெரியாத ஒருவன் முன்மூடியைக் கழற்றுகிறான். புதுச் செயினுக்குப் பக்கத்தில் பழைய பட்டையைப் பார்க்கிறான். என் மகளைக் கூப்பிட்டுக் காட்டி, யாரும்மா இந்த வேலையைச் செய்தது என்று கேட்கிறான். அவள் முகம் எப்படி மாறும் என்பது எனக்கு அப்படியே தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் என் வாசப்படியை மிதிப்பாளா?

“ஒன்னும் இல்லம்மா,” என்றேன். “புதுச் செயின் கொஞ்ச நாள் அப்படித்தான் சத்தம் போடும். கண்டவன் கையில கொடுத்துக் கெடுத்துக்காதீங்க. போங்க.”

போனை வைக்காமலேயே அவள் அவரிடம் சொன்னது கேட்டது.

“அப்பாவே சொல்லிட்டாருங்க. போலாம்.”

மலை ஏறி, மறுபக்கம் இறங்கும்போது ஒரு வளைவில் என்ஜின் நின்றது. என்ஜின் நின்றால் ஸ்டியரிங் கல்லாக இறுகிவிடும், பிரேக்கும் கட்டையாகிவிடும். அவர் முழு பலத்தோடு திருப்பியிருக்கிறார். ஓட்டுகிறவர் பக்கமாகவே வண்டி போய்ப் பாறையில் மோதியது. பாப்பாவுக்கு இடுப்பும் காலும் உடைந்தன. அவர் அங்கேயே போய்விட்டார். முன்பக்கம் முழுக்க நொறுங்கிக் கிடந்ததில், எது முதலில் உடைந்தது, எது பிறகு உடைந்தது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. வேகமாக இறங்கியிருக்கிறார் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பாப்பாவை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். முன்னறையில் கட்டிலைப் போட்டேன். கை தாங்கிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவேன். தலை பின்னிவிடுவேன். ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். நான் கடையிலிருந்து வந்து கதவைத் தட்டும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது, அந்த வருஷம் முழுக்க. அவருக்காக நான் அழாத நாள் இல்லை. ஆனால் கதவைத் தட்டும்போது அழுததில்லை.

பாப்பா அதிகம் பேச மாட்டாள். பேசினால் ஒரே பேச்சுதான்: போகலாம் என்று சொன்னது நான்தானே, அவர் நிறுத்திக் காட்டலாம் என்றுதானே சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு இதையே சொல்லுவாள். நான் தலையைத் தடவிக்கொடுத்து, உன்மேல் தப்பு இல்லை என்பேன். அது உண்மைதானே. யார்மேல் தப்பு என்று அவள் கேட்டதில்லை. ஒரே ஒருநாள் மட்டும் வேறு மாதிரி கேட்டாள்.

“அப்பா, அது என்ன சத்தம்? உண்மையைச் சொல்லுங்க.”

“மாப்பிள்ளை கொஞ்சம் வேகமா மிதிச்சிருப்பாரும்மா,” என்றேன்.

அவள் என்னையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து ஊன்றுகோல் இல்லாமல் நடக்கப் பழக ஆரம்பித்தாள். விழுந்து விழுந்து எழுந்தாள். நான் பிடிக்கப் போனால், வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டாள்.

போன வாரம் சொன்னாள், அந்தக் கடலோர ஊருக்குப் போகிறாளாம். அவளுக்கென்று வைத்திருந்த வேலையை அவர்கள் இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லையாம். அவர் பார்க்க ஆசைப்பட்ட ஊர், நானாவது போய்ப் பார்க்கிறேன் என்றாள். என்னையும் வரச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ரயிலில் போகிறாள். ரயிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சத்தத்தை முன்னறையில் உட்கார்ந்து கேட்க என்னால் முடியவில்லை. அதனால் டிராயரைத் திறந்து இந்தப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டேன். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பழைய கைடை மாட்டியது நான். போங்கள் என்று சொன்னதும் நான். என் மருமகனைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். வக்கீல் வேண்டாம். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும், மேடம். முக்கியமான சாட்சி அவள்தான். கேஸ் முடிகிறவரைக்கும் என் மகள் இந்த ஊரைவிட்டுப் போக முடியாது, இல்லையா?