பறக்கத் தெரிந்த குஞ்சு

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் இன்ஸ்பெக்டர், ஒரு கால் ஆடும். கோபாலபுரத்தில் தச்சர் கிடைப்பது குதிரைக் கொம்பு.

என் பெயர் ஜலஜா. நந்தனத்தில் ஓர் ஆய்வகத்தில், புதைபடிவ எலும்புகளைச் சுற்றியுள்ள கல்லை ஊசியாலும் சிறு சுத்தியாலும் நீக்குகிறேன். என் மகள் ஸஹானா அங்கேதான் ஆராய்ச்சி செய்தாள். போன மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு முட்டை வந்தது. டைனோசர் காலத்தில் பறந்த ஊர்வன இனம் ஒன்று இட்டது. கோழிமுட்டை ஓடு மாதிரி நொறுங்காது. தோல் போல நசுங்கிக் கிடக்கும். உள்ளே குஞ்சின் எலும்புகள். அவற்றைக் கல்லிலிருந்து பிரித்தெடுத்தவள் நான்.

ஸஹானாவை வளர்த்தவளும் நான் ஒருத்திதான். அப்பா இல்லாத பெண். கல்லூரி முடியும்வரை தலை பின்னிவிட்டேன், சாதம் பிசைந்து ஊட்டினேன்.

அந்தக் குஞ்சின் மேல்கை எலும்பைக் காட்டி அவள் சொன்னாள்: "எவ்ளோ கெட்டியா இருக்கு பாரும்மா. பொறந்த அன்னிக்கே பறந்துடும். அதுக்கு அம்மாவே வேண்டாம்." கொஞ்ச நேரம் கழித்து, "நானும் ஜெர்மனிக்குக் கெளம்பிண்டிருக்கேன். ஆத்துல சொன்னா நீ அழுவேன்னுதான் லேப்ல சொல்றேன்" என்றாள்.

நான் அழவில்லை. அவள் கண்டுபிடிப்பு தப்பு என்றுதான் பட்டது. பறந்துவிட்டால் போதுமா, யார் ஊட்டுவார்கள்? பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். கல்லை எப்படிக் கையாள்வது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மதியம் வீட்டில் அவள் மோரில் தூக்க மாத்திரை கலந்தேன். எங்கள் வேலையில் தட்டும் இடத்துக்கு அடியில் மணல் பை வைப்போம். அதிர்வு மற்ற எலும்புகளுக்குப் பரவாது. அவள் கைக்கு அடியிலும் வைத்தேன். வலது மேல்கை சீக்கிரம் முறிந்தது. இடது கையின்போது விழித்து அலறினாள். வாயில் துண்டைத் திணித்துவிட்டு, அவசரப்படாமல் முடித்தேன். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பழக்கதோஷம், தூரிகையால் துடைத்துவிட்டேன்.

பிறகு நெய் விட்டுப் பருப்பு சாதம் பிசைந்தேன். அன்று முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த நாள் பசி தாங்காமல் வாயைத் திறந்தாள். அம்மாவே வேண்டாம் என்ற பெண்.

சற்று முன் உங்கள் ஆட்கள் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்களே, அங்கே யார் ஊட்டுவார்கள்? அவளுக்குச் சூடு ஆகாது. ஊதிக் கொடுக்கச் சொல்லுங்கள். என் கையைத் தேடி அழுவாள், பாவம்.