அறுபதுக்குப் பக்கத்தில் ஒரு வரி

இல்லண்ணே, உக்காருங்க. இன்னும் கூப்பிடல. நானும் அந்த விசாரணை ரூமுக்குத்தான் வந்திருக்கேன். குஞ்சு பொரிக்கிற மெஷினப் பாத்துக்கிறவரு நீங்கதானே? அதுக்குப் புரோகிராம் எழுதுற பொண்ணு நான். ஐயோ, எந்திரிக்காதீங்க! எந்திரிக்க வேண்டியது நான்தான்.

எனக்குப் பேச வராதுண்ணே. ஆனா எழுத விட்டா நிறுத்த மாட்டேன். நீங்க மாத்துற செட்டிங் இருக்குல்ல, சூடு, ஈரம், முட்டையத் திருப்புற நேரம், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல விளக்கம் எழுதியே ஆகணும்னு எங்க ஆபீஸ்ல சட்டம் போட்டதே நான்தான். இது எதுக்கு, எந்த அளவுல, மாத்தினா என்ன ஆகும்னு. அந்தச் சட்டம் மட்டும் பதினாலு பக்கம்! யாராவது ஒண்ண விட்டுட்டா சிவப்புல சுழிச்சுத் திருப்பி அனுப்புவேன். பக்கத்து சீட்டுக்காரரு என்னை டீச்சரம்மான்னுதான் கூப்பிடுவாரு. அதுல எனக்கு உள்ளூரப் பெருமை வேற.

சிரிங்கண்ணே, பரவால்ல.

நீங்க அறுபதுன்னு போட்டீங்க. மணிக்கொரு தடவை திருப்பணும், அறுபது நிமிஷம். யாரா இருந்தாலும் அப்படித்தான் போடுவாங்க. மெஷின் அதை நொடின்னு எடுத்துக்கிச்சு. நிமிஷத்துக்கு நிமிஷம் முட்டைக்கெல்லாம் ராட்டினம். மோட்டார் புகைஞ்சு, ரெண்டாயிரம் முட்டையில ஒரு குஞ்சு கூட வரல.

ஆமா, கேட்டேன். தெளிவா எழுதியிருக்கு, படிக்காம விட்டுட்டான், ஆளை மாத்துன்னு உங்க முதலாளி கத்துறது வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

என்னது, கண் டாக்டரப் பாத்தீங்களா? அந்த வரி கண்ணுல படவே இல்லைன்னா? ஐயோ அண்ணே...

உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல. அன்னிக்கு அங்க வரியே இல்ல. அந்த ஒரு செட்டிங் நான் எழுதினது. விளக்கத்த அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டுட்டேன். டீச்சரம்மா நோட்ட யாரு திருத்துவாங்க? மோட்டார் எரிஞ்ச மறுநாள் காலைல, ஆபீஸ் கூட்டுறவங்க வர்றதுக்கு முன்னாடியே வந்து, நொடிக் கணக்கில்னு நான்தான் சேர்த்தேன். உள்ள அவங்க கையில வச்சிருக்கறது அதுக்கப்புறம் பிரிண்ட் எடுத்த தாள்தான்.

கூப்பிடுறாங்க. நீங்க இருங்கண்ணே, நான் முதல்ல போறேன்.