குலதெய்வத்துக்கு இருபது மார்க்

– ஐயோ அங்கிள், இந்த ஃபார்மை எத்தனை பேருக்கு அனுப்புனீங்க?

– பதினோரு பேருக்கு, அம்மிணி. ஃப்ரீமான்ட் வீடு வாடகைக்குன்னு தமிழ் வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன், அரை நாள்ல பதினோரு பேரு! என்ற பையன் கௌசிக்தான் சொன்னான், என் ஃப்ரெண்டு வெண்பா ப்ராப்பர்டி மேனேஜ்மென்ட்ல இருக்கா, ஒருக்கா காட்டுங்கப்பான்னு. பக்காவா இருக்குதா?

– பக்காவா? சொந்த ஊர் எது, குழந்தை உண்டா, குலதெய்வம் எது... குலதெய்வத்துக்கு இருபது மார்க்கா?!

– எல்லாத்துக்கும் ஒரே கேள்வி, ஒரே மார்க். சேனாபதி ஓரவஞ்சன பண்ணுனான்னு ஒருத்தன் சொல்ல முடியாது பாரு.

– அங்கிள் அங்கிள் அங்கிள்! கேள்வியே தப்பு. தப்பா கேக்குறதை எல்லார்கிட்டயும் கேட்டா சரியாயிடுமா? சம்பளம் கேளுங்க, கிரெடிட் ஸ்கோர் பாருங்க, பழைய ஹவுஸ் ஓனர்கிட்ட விசாரிங்க. மதம், ஜாதி பாத்து, குழந்தை இருக்குன்னு வீடு இல்லைங்கிறது... இங்க அமெரிக்காவுல சட்டப்படி கூடவே கூடாது!

– நான் எங்க அம்மிணி ஜாதி கேட்டேன்? சாமி பேரத்தானே கேட்டேன்.

– எதுக்கு? போய் கும்பிடவா?

– அது வந்து... நம்ம ஆளுங்களான்னு தெரிஞ்சுக்கிற ஒரு இதுக்கு.

– அதான்! அதையே எழுதி, மார்க் போட்டு, எக்செல்ல வேற சேவ் பண்ணி வச்சிருக்கீங்க. கம்ப்ளெயின்ட் குடுத்தா தனியா சாட்சியே வேணாம்.

– அடக் கடவுளே. இரு, இப்பவே அழிச்சுப்போடறேன்.

– ஐயோ, கைய எடுங்க! அழிச்சா இன்னும் மோசம். யாருக்காவது வீடு இல்லன்னு சொல்லிட்டீங்களா?

– ஒருத்தருக்குத்தான். ஆறாவது வரிசை, இதா பாரு. புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும் நல்ல வேலை, கிரெடிட் எண்ணூறுக்கு மேல, ஒரு கைக்குழந்தை. எல்லாம் சரிதான், குலதெய்வம் பாத்தேன்... நம்ம ஆளுங்க இல்ல. சைபர் போட்டு, வீடு முடிஞ்சிருச்சுன்னு மெசேஜ் அனுப்பிட்டேன். நீ வர்றதுக்கு சித்த முன்னாலதான்.

– ஆறாவது... ஓவியாவா?

– ஆமா, ஓவியா. ஏங்கண்ணு, மூஞ்சி வெளுத்துப்போச்சு? தண்ணி வேணுமா?

– அவ எங்க அக்கா, அங்கிள். நான்தான் தெரிஞ்சவங்க வீடு, தைரியமா அப்ளை பண்ணுன்னு சொன்னேன். இந்த மாசக் கடைசியில அவ வீட்டைக் காலி பண்ணணும்.

– அட... எனக்குத் தெரியாதே கண்ணு! தெரிஞ்சிருந்தா...

– தெரிஞ்சிருந்தா?

– இரு, இப்பவே போன் போட்டு வரச்சொல்றேன். கௌசிக் ஃப்ரெண்டோட அக்கான்னா நமக்கு வேத்தாளா என்ன?

– ஃப்ரெண்டு இல்ல. போன வெள்ளிக்கிழமை கவுன்ட்டி ஆபீஸ்ல நானும் கௌசிக்கும் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டோம். உங்ககிட்ட சொல்ல அவனுக்குப் பயம். அக்கா ஃபார்ம்ல எழுதுனது எங்க பொறந்த வீட்டுச் சாமி, அதான் எனக்கும். இப்ப சொல்லுங்க மாமா, எனக்கு எத்தனை மார்க் போடுவீங்க?