சந்தனத்துக்குக் கீழே எரிந்த விளக்கு

மேடையில் இருக்கும் மெக்கானிக் சங்கத் தலைவர் திருமலைசாமி அவர்களே, பெருந்துறையிலிருந்தும் சோமனூரிலிருந்தும் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் மெக்கானிக்குகளே, நரசிம்மலுவின் வீட்டாரே, எல்லாருக்கும் இந்தச் செல்லாத்தாளின் வணக்கமுங்க.

பிரேக் மேஸ்திரி நரசிம்மலு போய்விட்டார்! என் வீட்டுக்காரருக்குப் பிறகு நான் நடத்தும் காந்திபுரம் ஒர்க்‌ஷாப்பில், அவர் பார்க்காமல் ஒரு வண்டி வெளியே போனதில்லை. உங்களுக்கு அழுகை வருகிறது. எனக்குப் பயம்தான் வருகிறது. ஏன் வராது?

போன வருஷம் ஆயுத பூசைக்கு மறுநாள். என் பேத்தி லோகப்பிரியா ஓட்டப்பந்தயத்தில் மாவட்டத்துக்கே முதலாக வந்திருந்தாள். அந்தப் பெருமையில் என் மகன் பாலுசாமி, தன் வெளிநாட்டுக் காரில் அவளை ஊட்டிக்குக் கூட்டிப்போகக் கிளம்பினான். நரசிம்மலு வழிமறித்தார். மீட்டர் கண்ணாடியில் அப்பியிருந்த பூசைச் சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். அதற்குக் கீழே, சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸில் கோளாறு என்று சொல்லும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது!

"ஏனுங்க தம்பி, சந்தனம் சாமிக்கு வெச்சீங்களா, வெளக்க மறைக்க வெச்சீங்களா?"

"அட உடுங்ணா, பிரேக்கு நல்லாத்தான் புடிக்குது."

"காஞ்ச ரோட்டுல புடிக்குமுங்க. மலையில மழை பெய்யுது. ஈரத்துல அழுத்தி மிதிச்சா சக்கரம் பூட்டிக்கும். அப்பறம் ஸ்டியரிங்க எந்தப் பக்கம் ஒடிச்சாலும் வண்டி பள்ளத்தப் பாத்துத்தான் போவும். கண்ணு, நீ மொதல்ல எறங்கு சாமி."

கோளாறு எங்கே என்று காரையே சொல்லவைக்க, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பிளக்கில் ஒரு துண்டு வயரைச் சொருகினார். விளக்கு விட்டுவிட்டு மினுக்கியது. எத்தனை தடவை மினுக்கினால் எந்தச் சக்கரம் என்று அவருக்குக் கணக்கு தெரியும். எண்ணிப் பார்த்து, "முன்னாடி எடது சக்கரமுங்க" என்றார். ஜாக்கி போட்டால் என்ன கண்டோம்? பூசைக்குக் காரின் முன்னால் வாழைமரம் கட்டிய கம்பி, சக்கரம் சுற்றும் வேகத்தை அளக்கும் சென்சாரின் வயரை அறுத்திருந்தது! கட்டியது யார்? நம் பட்டறை ஆட்களேதான்!

வயரை மாற்றியதோடு விட்டாரா? மண்பாதையில் தண்ணீர் ஊற்றி, வேகமாக ஓட்டிப் பிரேக்கை மிதித்தார். ஏ.பி.எஸ். வேலை செய்வதற்கு அடையாளமாகப் பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதைத்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

"வெளக்கு எரிஞ்சாக்கூடப் பயமில்லீங்க அம்மா. சாவி திருப்புனதும் ஒருக்கா எரிஞ்சு அணையோணும். எரியவே இல்லீன்னா எவனோ பல்பைக் கழட்டிப்போட்டான்னு அர்த்தம். அதுதான் பயம்" என்பார்.

இன்று அதே கார் மண்டப வாசலில் நிற்கிறது. நாளைக் காலையில் நரசிம்மலுவின் மனைவி மக்கள், காரியத்துக்குப் பவானி போவது அதில்தான். லோகப்பிரியாவும் கூடப் போகிறாள். வெளியே மழை. அந்த விளக்கு நேற்றிலிருந்து மறுபடி எரிகிறது! உள்ளே வரும்போது என் காதுபட ஒருவர் சொன்னார்: "பல்பைப் புடுங்கிப்போட்டாத் தீந்துது."

யார் சொன்னீர்கள் என்று கேட்கமாட்டேன். ஆனால் அவர் படத்துக்கு மாலை போட்ட கையாலேயே அந்தப் பல்பைப் பிடுங்குவீர்களா? பிடுங்க மனசு வருமா?

நரசிம்மலு! உங்கள் முன்னால் சொல்கிறேன். நம் ஒர்க்‌ஷாப்பில் இனி மீட்டர் மேல் சந்தனம் கிடையாது. எந்தப் பல்பையும் யாரும் கழற்றக் கூடாது. ஈரத்தில் மிதித்துப் பார்க்காமல் எந்தச் சாவியும் கைமாறாது.

இதோ, அந்தக் காரின் சாவி என் கையில். மெக்கானிக்குகளே, இப்போது யாரும் வீட்டுக்குப் போகாதீங்க. ஜாக்கியை எடுங்க. வாங்க, வாசலுக்குப் போவோம்.